இறைநூல் என்று ஏன் நம்புகிறார்கள்: காரணங்களைப் பிரித்து ஆராயும் முறை

"இது கடவுளே தந்த நூல்" என்று ஒருவர் சொன்னதும் எதிரே இருப்பவர் நேராக வாதத்தில் இறங்கிவிடுகிறார். இவர் ஒரு தீர்க்கதரிசனத்தை எடுத்துக் காட்டுவார், அவர் ஒரு முரண்பாட்டை எடுத்துக் காட்டுவார். இரண்டு மணி நேரம் போனபிறகும் இருவரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். நம்புகிறவர் சரியாக எதை நம்புகிறார், எதனால் நம்புகிறார் என்று யாரும் முதலில் கேட்காததுதான் கோளாறு. அந்த இரண்டையும் கேட்டு, வரும் காரணங்களை ஒவ்வொன்றாக எடைபோடும் முறை இங்கே. ஒப்பீட்டுச் சமயம் படிக்கிறவருக்கும், நண்பரோடு பேசி அலுத்தவருக்கும், தன் நம்பிக்கையையே ஒருமுறை பிரித்துப் பார்க்க நினைப்பவருக்கும் இது பயன்படும்.

முன்னேற்பாடு அதிகமில்லை. நூலின் இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும்: ஒன்று அந்தச் சமயத்தார் செய்தது, மற்றது கல்விப்புலத்தார் செய்தது. அந்தச் சமயத்துக்குள்ளிருந்து எழுந்த பழைய உரை ஒன்று வேண்டும். இன்றைய வாதங்கள் கிளம்புவதற்கு முன்னால் எழுதப்பட்டதாக இருந்தால் நல்லது. பிறகு நான்கு பத்தி (நெடுவரிசை) போட்ட ஒரு தாள்: கூற்று, காரணம், அந்தக் காரணம் முதன்முதலில் எப்போது சொல்லப்பட்டது, அது விழுந்தால் என்ன ஆகும். மூன்றாவது பத்தியைப் பெரும்பாலோர் காலியாக விட்டுவிடுவார்கள். அதிகம் பேசப்போவது அதுதான்.

கூற்றை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"அருளப்பட்டது" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வேறு கூற்றுகள் இருக்கின்றன. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், வந்தது சொல்லா பொருளா, இடையில் இருந்த மனிதருக்கு என்ன பங்கு என்ற நான்குக்கும் விடை வரும்படி வாக்கியம் அமைய வேண்டும்.

வேதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்ச மரபினர் சொல்வது 'அபௌருஷேயம்': வேதத்தை யாரும் செய்யவில்லை, கடவுளும் செய்யவில்லை, ஒலி என்றும் உள்ளது, ரிஷிகள் அதைக் கண்டார்கள் அவ்வளவுதான். தர்க்கத்தை வளர்த்த நியாய மரபினரோ, ஈசுவரன் சொன்னான், அவன் நம்பத்தக்கவன், அதனால் வேதம் பிரமாணம் (நம்பத்தக்க அறிவுமூலம்) என்கிறார்கள். ஒரே நூல், ஒரே மரியாதை, இரண்டு எதிரெதிர்க் காரணங்கள். கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டால் நியாயக்காரரின் வாதம் ஆடும், மீமாம்சகர் அசையமாட்டார். இது தெரியாமல் வேதத்தைப் பற்றி வாதாடுகிறவர்கள் இல்லாத ஆளோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

திருக்குர்ஆனைப் பொறுத்தவரை பொதுவான நம்பிக்கை, சொல்லுக்குச் சொல் அரபியிலேயே ஜிப்ரீல் என்ற வானவர் வழியாக நபிக்கு ஏறத்தாழ 23 ஆண்டுகளில் இறங்கியது என்பது. யூதர்களின் தோராவைப் பற்றி யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த 13 கொள்கைகளில் எட்டாவதும் இதற்கு அருகில் வரும். சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தரைப் போன்றவர் மோசே என்கிறார் அவர். பைபிளுக்கு வந்தால் கூற்று மாறுகிறது. 2 தீமோத்தேயு 3:16 'தேவ ஆவியினால் அருளப்பட்டது' என்கிறது. கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'கடவுளின் மூச்சுப்பட்டது'. ஆனால் லூக்கா தன் நூலின் முதல் நான்கு வசனங்களில், கண்ணால் கண்டவர்கள் ஒப்படைத்ததை ஆதிமுதல் விசாரித்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்கிறார். யாரோ சொல்ல எழுதியதாக அவர் சொல்லவே இல்லை. 1 கொரிந்தியர் 7:12-இல் பவுல், 'இதைச் சொல்வது நான், கர்த்தர் அல்ல' என்று பிரித்தே காட்டுகிறார். ஆகவே கிறிஸ்தவ இறையியலில் பெரும்பகுதி, மனிதர் தம் நடையில் எழுத அதற்குள் கடவுள் செயல்பட்டார் என்றுதான் பேசுகிறது. அதற்குள்ளேயும் அளவு வேறு. சுவிசேஷ புராட்டஸ்டன்ட் தலைவர்கள் வெளியிட்ட 1978-இன் சிக்காகோ அறிக்கை எந்த விஷயத்திலும் பிழையில்லை என்கிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, மீட்புக்காகக் கடவுள் பதிக்க விரும்பிய உண்மை பிழையின்றி இருக்கிறது என்கிறது.

நான்காவது வகையைத் தமிழ் வாசகர் கேட்டே பழகியிருப்பார். 'என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசன்' என்கிறார் நம்மாழ்வார். பாடியது யார்? ஈசன். யாரை? தன்னை. யாரைக் கொண்டு? என்னைக் கொண்டு. மூன்று வேற்றுமைகளில் ஒரு முழு இறையியல். சம்பந்தர் 'எனதுரை தனதுரையாக' என்று இதையே இன்னும் சுருக்குகிறார். ஐந்தாவது வகையில் சொல்லும் கடவுள் யாருமில்லை. கட்டறுத்த ஒருவரின் அறிவே மூலம். பௌத்தமும் சமணமும் தம் நூல்களை அப்படித்தான் மதிக்கின்றன. 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூல்' என்று தொல்காப்பிய மரபியல் சொல்வதும் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும்? சொல்லுக்குச் சொல் இறங்கியது என்ற இரண்டாம் வகைக்குரிய சோதனையை, மனிதர் தம் நடையில் எழுதியது என்ற மூன்றாம் வகை நூலில் போடுவீர்கள். லூக்காவின் நடையும் மாற்குவின் நடையும் வேறாக இருப்பதை ஒரு 'குட்டு' போல வெளிப்படுத்துவீர்கள். கேட்கிற கத்தோலிக்கர், ஆமாம், அதற்கென்ன என்பார்.

கூடவே, எல்லையையும் குறியுங்கள். கூற்று எந்த நூல்களுக்குப் பொருந்தும்? தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டபோது புதிய ஏற்பாடு என்ற தொகுப்பே இல்லை. இன்றுள்ள 27 நூல்களின் பட்டியல் அப்படியே முதன்முதலில் காணக் கிடைப்பது 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய கடிதத்தில். புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 நூல், கத்தோலிக்க விவிலியத்தில் 73, எத்தியோப்பிய மரபில் 81 என்று எண்ணுவது வழக்கம். 'இந்த நூல் இறைவாக்கு' என்பதோடு 'இந்தப் பட்டியலும் சரி' என்ற இரண்டாவது நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதற்குத் தனிக் காரணம் வேண்டும். 'நூலே சொல்கிறது' என்பது வட்டமாகச் சுற்றும் வாதம் என்று பலர் உடனே கைதட்டிவிடுகிறார்கள். நூல் அப்படிச் சொல்வது ஆதாரமாகாது, சரி. ஆனால் நூலே சொல்லாத ஒன்றைப் பிறர் அதன்மேல் ஏற்றியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அந்த வரி தேவை.

காட்டும் காரணமும் தாங்கும் காரணமும்

நம்புகிறவரிடம் பேச முடிந்தால் இரண்டு கேள்விகள் போதும். "இந்தக் காரணத்தை நீங்கள் முதலில் கேள்விப்பட்டபோது, ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்தீர்களா?" "நாளைக்கே இந்தக் காரணம் தவறு என்று உங்களுக்கே தெளிவானால் நம்பிக்கை போய்விடுமா?" முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால், அது காட்டும் காரணம், பிறருக்கு எடுத்துக் காட்ட வைத்திருப்பது. நம்பிக்கையைத் தாங்குவது வேறெங்கோ இருக்கிறது.

தீர்க்கதரிசனம், அறிவியல், எண் கணக்கு இவை மூன்றும் பெரும்பாலும் காட்டும் பக்கத்தில் இருக்கும். வளர்த்தவர்கள்மேல் உள்ள நம்பிக்கை, படிக்கும்போது நேர்ந்த அனுபவம், நூலின்படி நடந்து வாழ்க்கை நேரானது, சமூகத்தோடு சேர்ந்து ஓதும் பழக்கம் இவை தாங்கும் பக்கத்தில். விதிவிலக்கும் உண்டு: ஒரே ஒரு வாதத்தைப் படித்து மதம் மாறியவருக்கு அந்த வாதமே தூண். அதனால் ஊகிக்காதீர்கள், கேளுங்கள். கேட்கும் தொனியும் முக்கியம். இரண்டாவது கேள்வியைக் குறுக்கு விசாரணை போலக் கேட்டால் 'போய்விடும்' என்று வீம்புக்குச் சொல்வார்கள், உங்கள் தாளில் தப்பான பதிவு ஏறும். ஒருநாள் விட்டு, வேறு பேச்சின் நடுவே கேட்டால் உண்மையான பதில் வரும்.

தீர்க்கதரிசனத்தைச் சோதிப்பது

ஐந்து பார்க்க வேண்டும். வாக்கு நிகழ்ச்சிக்கு முன் எழுதப்பட்டதா? தவறிப்போகும் அளவுக்குக் குறிப்பாக இருக்கிறதா? நிறைவேறியது என்பதற்கு அந்த நூலுக்கு வெளியே சான்று உண்டா? தெரிந்தவர்களே வேண்டுமென்று நிறைவேற்றியிருக்கலாமா? நிறைவேறாத வாக்குகளையும் எண்ணினோமா? இந்த ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறப்பது.

பைபிளின் எசேக்கியேல் 26-ஐ வைத்துச் செய்து பார்க்கலாம். இன்றைய லெபனான் கடலோரத்தில் உள்ள தீரு நகரம் அழியும் என்ற வாக்கு. 7-ஆம் வசனம் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அவன் மதிலை இடிப்பான், குதிரைகளால் தெருக்களை மிதிப்பான். 14-ஆம் வசனம், இனி நீ கட்டப்படமாட்டாய் என்கிறது. குறிப்பாக இருக்கிறது, காலமும் பொருந்துகிறது. முதல் இரண்டு சோதனைகளில் நல்ல மதிப்பெண். இப்போது பக்கத்தைப் புரட்டி 29:17-20 படியுங்கள். ஏறத்தாழ 16 ஆண்டுக்குப் பிந்தைய தேதியிட்ட இன்னொரு வாக்கு: நேபுகாத்நேச்சாரின் படை தீருவுக்கு எதிராகக் கடுமையாக உழைத்தது, ஆனால் அவனுக்கும் படைக்கும் கூலி கிடைக்கவில்லை, ஆகவே அதற்கு ஈடாக எகிப்தைத் தருகிறேன். முதல் வாக்கு எதிர்பார்த்தபடி முடியவில்லை என்று நூலே சொல்கிறது. வெளியே இருந்து யாரும் கண்டுபிடித்த குறை அல்ல.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. நம்புகிறவர்களின் பதிலையும் அதே தாளில் எழுத வேண்டும். 26:3 'அநேக ஜாதிகள்' வருவார்கள் என்கிறது. 8 முதல் 11 வரை 'அவன்' என்று வந்தது 12-இல் 'அவர்கள்' என்று மாறுகிறது. அந்த 'அவர்கள்' கி.மு. 332-இல் கடலில் பாதை போட்டுத் தீவு நகரைப் பிடித்த அலெக்சாந்தரின் படை என்கிறார்கள். கட்டப்படாதது பழைய வணிகப் பேரரசுதான், ஊர் அல்ல என்கிறார்கள். எரேமியா 18-ஐக் காட்டி, வாக்குகள் நிபந்தனைக்கு உட்பட்டவை என்று சொல்வதும் உண்டு. இவற்றில் முதல் பதிலுக்கு இலக்கண ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது சற்று இழுத்துப் பிடித்தது. அப்போஸ்தலர் 21-இல் பவுல் தீருவில் இறங்கி ஏழு நாள் தங்குகிறார், ஊர் இன்றும் இருக்கிறது. மூன்றாவதை ஏற்றால் வேறு சிக்கல்: நிபந்தனைக்குட்பட்ட வாக்கு நிறைவேறாதபோது தோல்வியாகாது என்றால், நிறைவேறும்போது அதை நிரூபணமாகவும் காட்ட முடியாது. அதே சமயம் 29-ஐ அழிக்காமல் வைத்திருந்த தொகுப்பாளர்களின் நேர்மையை ஒரு நம்பிக்கையாளர் எடுத்துக் காட்டினால், அதில் நியாயம் இருக்கிறது.

தேதிதான் முடிச்சு என்பதற்குப் பைபிளின் தானியேல் நூல் உதாரணம். 11-ஆம் அதிகாரம் கிரேக்க அரசர்களின் சண்டைகளை வியக்கும்படி துல்லியமாகச் சொல்லிவந்து, அந்தியோகு அரசனின் முடிவில் மட்டும் நடந்ததிலிருந்து விலகிவிடுகிறது. அந்த விலகும் இடத்தை வைத்தே பெரும்பாலான ஆய்வாளர்கள் நூலின் அந்தப் பகுதியைக் கி.மு. 165 வாக்கில் வைக்கிறார்கள். 'தீர்க்கதரிசனம் சாத்தியமே இல்லை என்று முன்முடிவோடு தேதியைத் தள்ளுகிறார்கள்' என்ற புகாருக்கு இதுதான் பதில். ஆனால் அந்தப் புகார் பொருந்தும் இடங்களும் உண்டு. ஆய்வாளர் தேதிக்கு வேறு என்ன காரணம் தருகிறார் என்று பாருங்கள், மொழிநடை, அயற்சொற்கள், மேற்கோள்கள் எதுவுமே தரவில்லை என்றால் அந்தத் தேதியை அடைப்புக்குறிக்குள் போட்டு வையுங்கள்.

அறிவியல் முன்பே இருக்கிறது என்ற வாதம்

சோதனை ஒரே வரி: அறிவியல் கண்டுபிடிப்பதற்கு முன்னால், அந்த வசனத்தைப் படித்து யாராவது அந்தச் செய்தியைச் சொன்னார்களா? பழைய உரையை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். உரைகாரர் எல்லோரும் வேறு பொருள் சொல்லி, கண்டுபிடிப்புக்குப் பின்தான் புதுப்பொருள் கிளம்பியது என்றால், மூன்றாவது பத்தியில் அந்த ஆண்டை எழுதுங்கள்.

இந்தச் சோதனையைத் தாண்டுவது போலத் தோன்றும் ஒன்றைக் கையில் எடுப்போம், அப்போதுதான் முறை பிடிபடும். ரிக் வேதம் 1.50.4-க்கு 14-ஆம் நூற்றாண்டில் சாயணர் எழுதிய உரை, 'அரை நிமிஷத்தில் 2,202 யோஜனை செல்பவனே, உனக்கு வணக்கம்' என்ற வரியை மேற்கோள் காட்டுகிறது. (இந்த நிமிஷம் கண் இமைக்கும் நேரம், இன்றைய நிமிடம் அல்ல; யோஜனை பழைய தூர அளவு.) இது ஒளியின் வேகமே என்பது வாதம். ஒளியின் வேகத்தை ஓலே ரோமர் என்ற டென்மார்க் வானியலாளர் முதலில் மதிப்பிட வழிகண்டது 1676-இல். எனவே உரை முந்தியதுதான். கணக்கு போடுங்கள்.

விஷ்ணு புராண அளவில் 15 நிமிஷம் ஒரு காஷ்டை, 30 காஷ்டை ஒரு கலை, 30 கலை ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள். ஒரு நாளுக்கு 4,05,000 நிமிஷம். 86,400 வினாடியை வகுத்தால் ஒரு நிமிஷம் 0.2133 வினாடி, அரை நிமிஷம் 0.1067. யோஜனையை 9 மைல் என்று வைத்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 2,99,000 கி.மீ. ஒளியின் வேகம் 2,99,792. மெய்சிலிர்க்கும். இப்போது யோஜனையை 8 மைல் என்று வையுங்கள்: 2,66,000. 5 மைல் என்றால் 1,66,000. மனுவின் அளவில் 18 நிமிஷம் ஒரு காஷ்டை. அதையும் 9 மைலையும் சேர்த்தால் 3,59,000, ஒளியையே முந்திவிடும். இந்த அளவுகள் எல்லாம் பழைய நூல்களில் இருந்தோ அவற்றுக்கு இன்று சொல்லும் விளக்கங்களில் இருந்தோ வருகிறவை; விடை தெரிந்தபின் பொருந்துகிற இணையைத் தேர்ந்தெடுக்கிறோம். மேலும் அந்த வரி வேதத்தில் இல்லை, உரைகாரர் காட்டும் பிந்தைய மேற்கோளில் இருக்கிறது, வணங்கப்படுவது சூரியன். சாயணர் பெரிய அறிஞர் என்பதில் இதனால் ஒரு குறையும் இல்லை.

எழுத்துகளை எண்ணிக் குறியீடு கண்டுபிடிக்கும் வாதத்துக்கும் இதே மருந்துதான். எபிரேய ஆதியாகமத்தில் சம இடைவெளியில் எழுத்துகளைக் கோத்தால் ரபிகளின் பெயர்களும் தேதிகளும் அருகருகே வருகின்றன என்று 1994-இல் ஒரு புள்ளியியல் இதழில் கட்டுரை வந்தது. 1999-இல் அதே இதழில் மறுப்பு வந்தது: பெயர்களை எழுதும் முறையில் உள்ள சுதந்திரமே அந்த முடிவைத் தரப் போதும் என்று. தேர்வுச் சுதந்திரம் எவ்வளவு என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மொழியழகு, பாதுகாப்பு

குர்ஆன் ஒரு சவாலை வைக்கிறது. ஓரிடத்தில் இதைப் போன்ற நூல் (17:88), இன்னோரிடத்தில் பத்து அத்தியாயம் (11:13), வேறோரிடத்தில் ஒரே ஒரு அத்தியாயம் (2:23). மிகச் சிறிய அத்தியாயத்தில் மூன்று வசனம்தான். மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு 'இதில் என்ன அதிசயம்' என்பது இங்கே வழக்கமான தவறு. வாதம் அரபி ஓசை, சொற்சிக்கனம், உரைநடையும் செய்யுளும் அல்லாத ஒரு கட்டமைப்பு இவற்றைப் பற்றியது. 1013-இல் இறந்த இஸ்லாமிய இறையியலாளர் பாகில்லானீ இதற்காகவே ஒரு நூல் எழுதினார். அரபி தெரியாதவர் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாதத்தின் வடிவத்தை மட்டும் சோதிக்கலாம்: நடுவர் யார், அளவுகோல் என்ன, போட்டிக்கு வந்த படைப்பை எந்த அடிப்படையில் தள்ளுவார்கள்? இந்தச் சிக்கலை இஸ்லாமிய அறிஞர்களே உணர்ந்திருந்தார்கள். மனிதரால் முடியும், ஆனால் முயல்வதிலிருந்து இறைவன் அவர்களைத் திருப்பிவிட்டான் என்று நஸ்ஸாம் போன்ற முஃதஸிலாக்கள் (பகுத்தறிவை முன்வைத்த இறையியல் பிரிவினர்) சொன்னது அந்த விவாதத்தில்தான். ஒப்பற்ற நடை என்பது ஒப்பற்ற மூலம் என்பதற்கு நிரூபணமாகுமா என்பது தனிக் கேள்வி. கம்பனைப் போல் இன்னொருவர் பாடவில்லை. அதனால் யாரும் மேலே போய்த் தேடுவதில்லை.

ஓசை நம்பவைக்கும் என்பதும் உண்மை. எதுகைபோல ஒலி இயைந்த பழமொழிகளை, அதே பொருளை இயைபில்லாமல் சொன்னதைவிட உண்மையானவை என்று மக்கள் மதிப்பதை 2000-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு காட்டியது. திரும்பத் திரும்பக் கேட்டது உண்மை போலத் தோன்றும் என்று 1977-லேயே காட்டிவிட்டார்கள். தினமும் ஓதப்படும் செய்யுளுக்கு இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன.

நூல் மாறாமல் காக்கப்பட்டது என்ற பாதுகாப்பு வாதத்தை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அது வேறு கேள்விக்கு விடை. வேதத்தின் கன பாடத்தில் மூன்று சொற்களை 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று 13 சொல்லாக விரித்து ஓதுவார்கள்; ஒரு சொல் நழுவினால் உடனே பிடிபடும். 1947-இல் சாக்கடல் அருகே கும்ரானில் தொடங்கிய கண்டெடுப்பில் கிடைத்த ஏசாயாச் சுருள், அதுவரை கையில் இருந்த எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது, பெருமளவு ஒத்துப்போகிறது. அதே குகைகளில் எரேமியாவின் குறுகிய வடிவமும் துண்டாகக் கிடைத்தது. கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள அந்த வடிவம் எட்டில் ஒரு பங்கு அளவு சிறியது. இவை எல்லாம் வந்த வழியைப் பற்றிச் சொல்கின்றன. புறப்பட்ட இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பதம் பார்க்கும் வாதம்

நியாய சூத்திரத்தில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. மந்திரமும் ஆயுர்வேதமும் பலிப்பதைப் பார்க்கிறோம். அவற்றைச் சொன்னவர் நம்பத்தக்கவர். அதே நம்பத்தக்கவர் சொன்னதால் சோதிக்க முடியாத வேதப் பகுதியும் பிரமாணம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதன் தர்க்க வடிவம். எந்தச் சமயத்திலும் இதன் உறவுக்காரர் இருப்பார்: 'வரலாறு சரியாக இருக்கிறது, ஆகவே இறையியலும் சரி', 'ஒழுக்க போதனை சரியாக இருக்கிறது, ஆகவே மறுமையும் சரி'. சோதிக்கும்போது இரண்டைப் பாருங்கள். சோதித்த பகுதியும் சோதிக்காத பகுதியும் ஒரே பானையா, அதாவது ஒரே ஆசிரியரா, ஒரே வகை அறிவா? பதம் பார்க்க எடுத்த சோறு எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது? வெந்ததாகப் பார்த்து எடுத்திருந்தால் அது பதமல்ல.

தாங்கும் காரணங்களைத் தொடும்போது

இங்கே கை மெதுவாகப் போக வேண்டும். சாட்சியத்தை நம்புவது முட்டாள்தனமல்ல. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிறர் சொல்லித் தெரிந்தது. கேட்க வேண்டியது சங்கிலியின் நீளத்தையும் முதல் கண்ணியையும். 12-ஆம் நூற்றாண்டில் யூத மெய்யியலாளர் யூதா ஹலேவி, சீனாய் மலையில் கடவுள் பேசியதை ஆறு லட்சம் பேர் கேட்டார்கள், அத்தனை பேரை வைத்து ஒரு பொய்யைப் பரப்ப முடியாது என்று வாதாடினார். கூர்மையான வாதம். ஆனால் ஆறு லட்சம் என்ற எண்ணே நூலிலிருந்து வருகிறது. ஆறு லட்சம் சாட்சிகள் நம் கையில் இல்லை, ஆறு லட்சம் பேர் என்று சொல்லும் ஒரு மரபு இருக்கிறது. 1830-இல் அச்சான, மார்மன் சமயத்தாரின் புனித நூலில், அதன் மூலத் தகடுகளைக் கண்டதாகச் சொன்ன சாட்சிகள் பெயரோடு இருக்கிறார்கள், மூன்று பேர் ஓர் அறிக்கையிலும் எட்டுப் பேர் இன்னோர் அறிக்கையிலும். எண்ணிக்கை குறைவு, ஆனால் தனித்தனியே விசாரிக்க வழியுண்டு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எண்ணிக்கையும் விசாரிக்கும் வழியும் வேறு வேறு என்பது தெளிவாகும்.

அனுபவ வாதம் இன்னும் நுட்பமானது. வெளி நிரூபணம் தேவையில்லை, ஆவியானவர் உள்ளே சாட்சி சொல்கிறார் என்றார் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின். தேனின் இனிப்புக்குச் சான்று கேட்பதில்லையே என்ற தொனி. இதற்கு இணையாக இங்கே மீமாம்சகர் குமாரிலர்: எந்த அறிவும் தானாகவே பிரமாணம், அதைத் தள்ள வேறு அறிவு வரும்வரை. சோம்பேறித்தனமான நிலைப்பாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கண்ணை நம்புவதற்கு நாம் கண்ணைத் தவிர வேறு எதைக் காட்டுகிறோம்? பலவீனம் வேறிடத்தில். ஒன்றையொன்று மறுக்கும் நூல்களின் வாசகர்களும் ஒரே மாதிரி உள்சாட்சியைச் சொல்கிறார்கள். அப்போது குமாரிலர் சொன்ன 'தள்ளும் அறிவு' வந்துவிட்டதா என்பதுதான் விவாதம். இங்கே படித்தவர்களே இரண்டாகப் பிரிகிறார்கள்.

'இந்த வசனம் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது' என்பதற்கு மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை. 1948-இல் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஆளுமைக் குறிப்பு என்று ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்தார். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4-ஐத் தாண்டியது. ஆகவே பொருந்தியது என்பதோடு, வேறு எந்தப் பக்கத்தைத் திறந்திருந்தாலும் பொருந்தியிருக்குமா என்றும் கேளுங்கள். பயிற்சியும் சேரும்: மானுடவியலாளர் தான்யா லூர்மன், கற்பனை கலந்த ஜெபத்தைத் தினமும் பழகியவர்களுக்கு உள்ளே தோன்றுவது கூடுதல் தெளிவோடு, சில நேரம் வெளியே கேட்பதுபோல வருவதைப் பதிவு செய்திருக்கிறார். இதை நம்பாதவர் 'எல்லாம் மனப்பிரமை' என்று வாசிப்பார். நம்புகிறவர் 'காதைப் பழக்கினால்தானே கேட்கும்' என்று வாசிப்பார். ஆய்வு இருவருக்கும் இடம் கொடுக்கிறது.

தாளில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. நம்பிக்கை எப்படி வந்தது என்று விளக்கிவிட்டால் அது பொய் என்று ஆகிவிடாது. அம்மா சொல்லித்தான் வாய்ப்பாடும் வந்தது. 'அந்தக் குடும்பத்தில் பிறந்ததால் நம்புகிறார்' என்பதை நான்காவது பத்தியில் எழுதவே கூடாது. அது வந்த கதை, விழும் காரணமல்ல.

கடைசியில் பெயர் மாற்றிப் பார்ப்பது

தாள் நிரம்பியபின், ஒவ்வொரு காரணத்திலும் நூலின் பெயர் வரும் இடத்தைக் கோடிட்டு மறைத்து, நீங்கள் ஏற்காத ஒரு நூலின் பெயரை அங்கே எழுதுங்கள். 'இத்தனை நூற்றாண்டு நிலைத்தது', 'இத்தனை பேர் வாழ்வை மாற்றியது', 'படிப்பறிவு இல்லாதவர் வாயிலிருந்து வந்தது' போன்றவை பெயர் மாறியும் அப்படியே நிற்கும். அப்படி நிற்பவை உங்கள் நூலுக்கு மட்டும் உரிய காரணங்கள் அல்ல. சில காரணங்கள் பெயர் மாறியதும் உளறலாகிவிடும், உதாரணமாக நம்மாழ்வாரின் அந்த ஒரு வரியிலிருந்து எழும் காரணம். அவற்றைத் தனியே வையுங்கள், உண்மையான ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது. பிறகு தாளைத் திருப்பி, மறுப்புக் காரணங்களுக்கும் இதையே செய்யுங்கள்: எசேக்கியேலில் நீங்கள் பிடித்த குறையை உங்கள் நூலில் ஒருவர் பிடித்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்களோ, அந்தப் பதிலை அவர்களுக்கும் அனுமதித்து ஒருமுறை வாசியுங்கள்.